கடலோர அரசுப் பூங்காவில் கூடாரம்: வயதான பெற்றோரோடு எந்த இடம், எந்த மாதம்? (மான்டரே விரிகுடா, கலிபோர்னியா)

கிழக்குக்கரை

வணக்கம். நாங்கள் சான் ஹோசேயில் வசிக்கிறோம். அப்பாவும் அம்மாவும் மே மாதம் ஊரிலிருந்து வருகிறார்கள், அக்டோபர் வரை இருப்பார்கள். பிள்ளைகளுக்கு ஒன்பது வயதும் நான்கு வயதும். எல்லோருமாகக் கடலோர அரசுப் பூங்கா ஒன்றில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்க ஆசை. நியூ பிரைட்டன், சன்செட், மன்ரேசா, ஹாஃப் மூன் பே ஆகிய நான்கையும் பார்த்து வைத்திருக்கிறேன்.

கேள்விகள் இவைதான். ஜூலையில் போகலாமா? கடல் தெரியும் ஓரத்து இடம்தான் வேண்டுமா, உள்ளே மரத்தடியில் கிடைத்தாலும் போதுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி; படிகள் அதிகம் ஏற முடியாது. அப்பா நாகப்பட்டினத்துக்காரர், கடலைக் கண்டால் இறங்கிக் குளிக்காமல் திரும்பமாட்டார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று அவர்கள் ஊரில்தான் இருந்தார்கள். அதற்குப் பிறகு கடலுக்குப் பக்கத்தில் இரவு தூங்க அம்மா ஒருபோதும் சம்மதித்ததில்லை. இந்த முறை பேரப்பிள்ளைகளுக்காக "பார்க்கலாம்" என்றிருக்கிறார். அதனால்தான் கவனமாகக் கேட்கிறேன்.

மூடுபனி

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், இடத்தைப் பிறகு பார்க்கலாம்.

ஜூலை என்றதும் வெயிலும் கடற்கரையும் நினைவுக்கு வரும். இந்தக் கரையில் அது நடக்காது. வசந்தத்திலிருந்து கோடை நடு வரை வடமேற்குக் காற்று கரையை ஒட்டி வீசிக்கொண்டே இருக்கும். அது மேல்நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளுகிறது. அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலேறி வருகிறது. அதைக் கடந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. உள்நாட்டில் வெப்பம் ஏற ஏற, அந்தப் பனி நிலத்தை நோக்கி இன்னும் வலுவாக இழுக்கப்படுகிறது. உங்கள் வீட்டில் 35 டிகிரி செல்சியஸ் காயும் நாளில் நியூ பிரைட்டன் இருக்கும் கேபிடோலாவில் பிற்பகல் வரை சூரியனே தெரியாமல் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பது இங்கே வழக்கமான கோடை நாள்தான்.

செப்டம்பரில் அந்தக் காற்று தளர்கிறது. செப்டம்பரும் அக்டோபர் முதல் பாதியும்தான் இந்த விரிகுடாவின் உண்மையான கோடை. பெரிய பிள்ளையின் பள்ளி திறந்திருக்கும் என்பதால் வார இறுதியைத்தான் பிடிக்க வேண்டியிருக்கும். இருந்தாலும் பெற்றோருக்காக அந்த மாதத்தையே தேர்ந்தெடுங்கள்.

முன்பதிவு, அரசுப் பூங்காக்களுக்கான ரிசர்வ் கலிபோர்னியா இணையதளத்தில். தங்கும் நாளுக்குச் சரியாக ஆறு மாதத்துக்கு முன்பு, காலை 8 மணிக்குத் திறக்கும். செப்டம்பர் 18 இரவு வேண்டுமென்றால் மார்ச் 18 காலை. வார இறுதி இடங்கள் அந்தச் சில நிமிடங்களிலேயே போய்விடும். கணக்கைத் திறந்து, வேண்டிய இடத்தின் எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். தேதி நெருங்க நெருங்க ரத்தாகும் இடங்கள் வந்துகொண்டே இருக்கும்.

அலைவிளிம்பு

ஓரத்து இடம்தான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. காலையில் கூடாரத்தின் வாயைத் திறந்ததும் கடல் தெரியாவிட்டால் அவ்வளவு தூரம் வந்ததற்கு என்ன பொருள்? மரத்தடியில் படுக்கத்தான் மலைப்பூங்காக்கள் இருக்கின்றனவே.

பைன்நிழல்

அலைவிளிம்பு நண்பரோடு நான் உடன்படவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து இருப்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கடல் தெரியும் இடத்தில் கடற்காற்றும் நேராக வந்து மோதும். பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கி இருட்டும் வரை அடிக்கும். அடுப்புச் சுடர் நிற்காது. கூடாரத்தின் துணி இரவெல்லாம் படபடக்கும். நான்கு வயதுக் குழந்தை அந்தச் சத்தத்தில் தூங்காது, குழந்தை தூங்காவிட்டால் வேறு யாரும் தூங்க முடியாது. திறந்த வானத்தின் கீழ் இருப்பதால் பனியும் அதிகம் இறங்கும்: விடியும்போது கூடாரத்தின் மேல்துணி பிழிந்தால் சொட்டும் அளவுக்கு நனைந்திருக்கும். மரக்கவிகையின் கீழ் அந்த ஈரம் கண்கூடாகக் குறைவு. அடர்ந்த மூடுபனி நாளில் பைன் ஊசியிலைகளிலிருந்து சொட்டும் என்பது உண்மை. ஆனால் மேல்துணியை இழுத்துக் கட்டினால் அதைச் சமாளித்துவிடலாம். காற்றை அப்படிச் சமாளிக்க முடியாது.

கடலைப் பார்க்கப் பகல் முழுவதும் இருக்கிறது. இரவுக்குத் தேவை உறக்கம். முழங்கால் வலியுள்ள ஒருவர் குளிரில் தூங்காமல் கிடந்தால் மறுநாள் கடலை ரசிக்கவும் உடம்பு இருக்காது. அதனால் என் வரிசை இது: முதலில் காற்று மறைப்பு, அடுத்து கழிவறைக்கு நடக்கும் தூரம், மூன்றாவதாகச் சமதரை. காட்சி கடைசியில்தான்.

நியூ பிரைட்டனில் முகாம் பெரும்பாலும் மேட்டின்மேல், பைன் மரங்களுக்கிடையே இருக்கிறது. உள்ளே தள்ளி இடம் எடுத்தாலும் கடலோரம் சிறு நடைதான். ஆனால் மிக உள்ளே, 1ஆம் நெடுஞ்சாலைப் பக்கமாகப் போய்விட்டால் வண்டிகளின் இரைச்சல் கேட்கும். நடுப்பகுதியைப் பாருங்கள். காய்ந்த கிளை தலைக்கு மேல் தொங்கும் இடம் மட்டும் வேண்டாம். மான்டரே பைன்களைத் தாக்கும் பிசின் புற்றுநோய் என்ற பூஞ்சை நோய் கலிபோர்னியாவில் முதன்முதலில் 1986இல் இந்தச் சான்டா குரூஸ் மாவட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. நுனி காய்ந்து பிசின் வழியும் மரங்களை இன்னும் பார்க்கலாம். நோய்க்கிருமியும் மரத்துளைப் பூச்சிகளும் விறகோடு பயணம் செய்யும். வீட்டிலிருந்து விறகு கொண்டுவராதீர்கள், அங்கேயே வாங்கி அங்கேயே எரித்துவிடுங்கள்.

அலைவிளிம்பு

காற்று பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் எல்லா ஓரமும் ஒரே மாதிரி இல்லை. பக்கத்திலுள்ள சீக்ளிஃப் அரசுக் கடற்கரையில் மணலை ஒட்டியே வண்டிவீடுகள் நின்ற வரிசை ஒன்று இருந்தது. அலை கைக்கெட்டும் தூரம். அங்கே தங்கியவர்களுக்கு அது மறக்காது.

பைன்நிழல்

நீங்களே சொல்லிவிட்டீர்கள், "இருந்தது" என்று. 2023 ஜனவரிப் புயலில் அந்த வரிசையும் தடுப்புச் சுவரும் சிதைந்தன. கடலுக்குள் நீண்டிருந்த மரப்பாலமும் உடைந்து, அந்த ஆண்டே அகற்றப்பட்டது. பாலம் இருந்த இடத்தின் முனையில் கிடக்கும் கான்கிரீட் கப்பல் பாலோ ஆல்டோ 1919இல் வெள்ளோட்டம் விடப்பட்டது. 1930இல் அதில் நடனக்கூடம் நடத்தினார்கள், இரண்டு ஆண்டுகூட நிலைக்கவில்லை. அலைகள் அதையும் துண்டு துண்டாக்கிவிட்டன. இந்தக் கரை நகர்ந்துகொண்டே இருப்பது. மேட்டு விளிம்புகளும் உதிர்கின்றன. பிள்ளைகளைச் செங்குத்துச் சரிவின் அடியில் உட்கார்ந்து மணல்வீடு கட்ட விடாதீர்கள். மேலே விளிம்பு வேலியைத் தாண்டவும் விடாதீர்கள். நியூ பிரைட்டன் சரிவுகளில் பழங்காலச் சிப்பிகள் பதிந்திருப்பதைக் காணலாம். சற்றுத் தள்ளி நின்று காட்டுங்கள். அவற்றை எடுக்கக் கூடாது.

வாட்சன்வில்வாசி

மற்ற மூன்றைப் பற்றிச் சுருக்கமாக. மன்ரேசா மேட்டுமுகாம் நடந்துபோய்க் கூடாரம் போடும் இடம்: வண்டியைத் தள்ளி நிறுத்தி எல்லாவற்றையும் சுமக்க வேண்டும், கடலுக்கு நீண்ட படிக்கட்டு. உங்கள் அம்மாவுக்கு ஆகாது. சன்செட் அமைதியானது, சுற்றிலும் ஸ்ட்ராபெரி வயல்கள். எனக்கு மிகவும் பிடித்த இடமும் அதுவே. ஆனால் கடற்கரைக்கு இறங்கி ஏற வேண்டும். ஹாஃப் மூன் பேயில் பிரான்சிஸ் கடற்கரை முகாம் கிட்டத்தட்ட சமதரை, பக்கத்திலேயே தார்போட்ட கடலோர நடைபாதை. முழங்காலுக்கு நல்லது. மரமறைப்பு குறைவு, காற்றும் பனியும் மற்ற இடங்களைவிட அதிகம்.

நியூ பிரைட்டனில் ஒரு வசதி உண்டு. முகாமிலிருந்து கடலுக்குப் படி இறங்க வேண்டியிருந்தாலும், பகல்நேர வாகன நிறுத்தம் கீழே மணலுக்கு அருகில் இருக்கிறது. அம்மாவை வண்டியிலேயே கீழே அழைத்துப் போய்விடலாம். சில பூங்காக்களில் மணலில் ஓடும் அகலச் சக்கர நாற்காலி இரவலாகக் கிடைக்கும். போவதற்கு முன் பூங்காவுக்குத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நெய்தல்

கிழக்குக்கரை, உங்கள் அம்மாவின் அச்சத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன், நானும் அந்தப் பக்கத்துக் கடற்கரைக்காரிதான்.

அவருக்கு உண்மையைச் சொல்லுங்கள். "இங்கே அதெல்லாம் வராது" என்று சொல்லாதீர்கள். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் எழுந்த சுனாமி இந்த விரிகுடாவுக்கு வந்து சான்டா குரூஸ் படகுத்துறையில் பெரும் சேதம் செய்தது. 2022 ஜனவரி 15 அன்று தொங்கா எரிமலை வெடித்தபோதும் அதே துறைக்குள் நீர் புகுந்தது. இரண்டுமே தொலைவிலிருந்து வந்தவை. எச்சரிக்கை கொடுக்க மணிக்கணக்கில் நேரம் இருந்தது. 2004இல் நம் ஊருக்குக் கிடைக்காதது அந்த எச்சரிக்கைதான். இந்தியாவில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது. இங்கே கைப்பேசிக்கே எச்சரிக்கை வரும். கைப்பேசியை அணைக்காமல் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்திலேயே நிலம் குலுங்கினால் எச்சரிக்கைக்குக் காத்திருக்கக் கூடாது. 1989 அக்டோபர் 17 மாலை 5.04க்கு வந்த லோமா பிரியெட்டா நிலநடுக்கத்தின் மையம் பக்கத்து ஊரான ஆப்டாஸுக்கு மேலேயுள்ள காட்டில்தான் இருந்தது. கடற்கரையில் நிற்கும்போது நிலம் பலமாகவோ நெடுநேரமோ ஆடினால், ஆட்டம் நின்றதும் மேட்டுக்குப் போய்விட வேண்டும். பொருட்களை எடுக்க நிற்கக் கூடாது.

இந்தக் காரணத்துக்காகவே நான் நியூ பிரைட்டனைச் சொல்வேன். கூடாரம் போடும் இடமே மேடு. இரவில் எதுவும் நடந்தாலும் அம்மா ஏற்கெனவே உயரத்தில் இருப்பார். போய் இறங்கியதும் பகல் வெளிச்சத்தில் அவரை விளிம்பு வேலி வரை அழைத்துப் போய், கடல் எவ்வளவு கீழே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். வார்த்தையில் சொன்னால் அவர் மனம் ஆறாது. கண்ணால் பார்க்கட்டும்.

அப்பாவைப் பற்றி: குளிக்க விடாதீர்கள். நாகையிலும் ராமேஸ்வரத்திலும் அவருக்குப் பழகிய கடல் வெதுவெதுப்பானது. இங்கே நீர் 12 முதல் 15 டிகிரி. திடீரென்று இறங்கினால் மூச்சு தானாகவே வாங்கும், அந்த நொடியில் ஓர் அலை முகத்தில் அடித்தால் நீந்தத் தெரிந்தவரும் நீரைக் குடித்துவிடுவார். இதய மாத்திரை எடுப்பவராக இருந்தால் இன்னும் ஆபத்து. உள்ளிழுக்கும் நீரோட்டமும் உண்டு. அதில் அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். கால் நனைப்பதென்றால் கணுக்கால் வரை, கடலைப் பார்த்தபடி. நம்மவர்கள் புகைப்படத்துக்காகக் கடலுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். நெடுநேரம் அமைதியாக இருந்துவிட்டு ஒரு பெரிய அலை மேலேறி வந்து ஆளை இழுத்துக்கொண்டு போவது இந்தக் கரையில் நடக்கிறது.

கிழக்குக்கரை

நெய்தல் அக்கா, இதை அம்மாவுக்குத் தொலைபேசியில் அப்படியே படித்துக் காட்டினேன். "மேடு என்றால் வருகிறேன்" என்றார். மிக்க நன்றி. அப்பா இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார், அவரிடமும் பேசிவிட்டேன்.

அடுத்து சாப்பாடு. எல்லோரும் சைவம். இரண்டு நாளும் ரொட்டியில் ஓட்ட அம்மாவால் முடியாது. முகாமில் என்ன சமைக்க முடியும்?

இரும்புக்கல்

தாராளமாகச் சமைக்கலாம். முதல் நாள் இரவுக்குப் புளியோதரையை வீட்டிலேயே கிளறிக் கொண்டுபோய்விடுங்கள். போன அன்றே கூடாரமும் போட்டுச் சமையலும் செய்தால் இருட்டிவிடும். மறுநாள் காலைக்குத் தோசைமாவை இறுக மூடும் டப்பாவில் ஐஸ் பெட்டியின் அடியில் வையுங்கள். இரட்டை எரிமுனை கேஸ் அடுப்பு, ஒரு இரும்புக்கல், மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய். குளிர்காலையில் அடுப்பருகே நின்று தோசை வார்த்துக் கொடுப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. காற்றுக்கு மூன்று பக்கமும் தகடு நிறுத்துங்கள். இரவில் மிளகு ரசம் வைத்து ஃபிளாஸ்கில் ஊற்றிவிட்டால் அப்பா அம்மா படுக்கும்வரை குடிக்கலாம்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எவ்வளவு குளிர்ந்தாலும் அடுப்பையோ கரித்தணலையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். குளிருக்குத் தீர்வு தரையில் இருக்கிறது. உடம்புச் சூட்டை அதிகம் உறிஞ்சுவது கீழேயுள்ள மண்தான். ஊதிய காற்று மெத்தை மட்டும் போட்டால் உள்ளிருக்கும் காற்றும் சில்லென்று ஆகிவிடும். அதன் கீழே நுரைப்பாயும் மேலே கம்பளியும் விரியுங்கள். பெரியவர்களுக்கு மடக்குக்கட்டில் கொடுத்தால் எழுந்து உட்காரவும் எளிது, முழங்காலுக்கும் நல்லது. கட்டிலுக்கும் மேலே நுரைப்பாய் வேண்டும், அடியில் காற்று ஓடும்.

நெருப்பு மூட்டும் வளையத்தில் மட்டும் தீ. அணைக்கும்போது நீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றுங்கள். மணலைப் போட்டு மூடுவது தவறு. மூடிய தணல் மணிக்கணக்கில் சூடாகவே இருக்கும், மேலே பார்த்தால் தெரியாது. மறுநாள் வெறுங்காலோடு ஓடிவரும் குழந்தைதான் அதை மிதிக்கும்.

உள்ளான்

சாப்பாட்டுப் பேச்சு வந்ததால் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு இது உயிர்ப் பிரச்சினை.

இந்தக் கரையின் மணலில் வெண்ணிற உப்புக்கொத்தி என்ற சிறு பறவை கூடு வைக்கிறது. கூடு என்றால் மணலில் ஒரு சிறு குழி, அதில் பெரும்பாலும் மூன்று முட்டை, மணலின் நிறத்திலேயே. நம் கோடியக்கரைக்கு வரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் நெருங்கிய உறவு. இரண்டையும் ஒரே இனமாகவே நெடுங்காலம் வைத்திருந்தார்கள். பசிபிக் கரையில் வாழும் இந்தப் பறவை 1993 முதல் அழியும் அச்சுறுத்தலில் உள்ளதாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. மார்ச் முதல் செப்டம்பர் வரை கூடு வைக்கும் காலம். அப்போது மேல்மணலில் கயிறு கட்டி அறிவிப்பு வைப்பார்கள்.

அந்த முட்டைகளைத் தின்பதில் அண்டங்காக்கை முன்னணியில் இருக்கிறது. அண்டங்காக்கையை முகாமுக்கு வரவழைப்பது நாம் சிந்தும் சோறும் மூடாமல் வைத்த குப்பையும். மேசைக்கடியில் நாம் விட்டுவரும் தயிர்சாதத்துக்கு வரும் பறவை, அடுத்து மணலுக்குத்தான் போகிறது. நம் வீடுகளில் காக்கைக்குச் சோறு வைப்பது புண்ணியம். உங்கள் அம்மாவுக்கும் அந்தப் பழக்கம் இருக்கும். இங்கே வேண்டாம் என்று பணிவாகச் சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். புரிந்துகொள்வார்.

ரக்கூன்கள் ஐஸ் பெட்டியைத் திறக்கக் கற்றவை. உணவு வைக்கும் அலமாரி இருந்தால் அதில் பூட்டுங்கள், இல்லாவிட்டால் வண்டிக்குள். பாத்திரம் கழுவிய நீரைக் குழாயடியிலோ செடியிலோ ஊற்றாதீர்கள். ஒரு வாளியில் சேர்த்து அதற்கான இடத்தில் கொட்டுங்கள்.

பத்துமணி

நல்ல இழை. இங்கே எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்ததை எழுதிவிடுகிறேன். ஓர் இடத்துக்கு எட்டுப் பேர் வரைதான் அனுமதி. இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம். நம்மவர்கள் பக்கத்துப் பக்கத்து இடங்களாகப் பல குடும்பம் சேர்ந்து வந்து, நள்ளிரவு தாண்டியும் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு இடம் தள்ளி கைக்குழந்தையோடு ஒரு பெண் கூடாரத்துக்கு வெளியே நின்று அழும் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தார். கூடாரத்துக்குச் சுவர் கிடையாது. நாம் பேசுவதெல்லாம் அடுத்தவர் காதுக்குள் விழுகிறது.

அலைவிளிம்பு

இது முழு உண்மை. பாட்டு வேண்டுமென்றால் பகலில், அதுவும் நம் மேசையைத் தாண்டாத அளவில். இரவில் கடலைக் கேட்கவிடுங்கள்.

கிழக்குக்கரைக்கு ஒன்று: நான் முதலில் சொன்னதை உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது என்று திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பெற்றோரோடு போகும்போது பைன்நிழல் சொன்ன வரிசைதான் சரி. ஆனால் பெரிய பிள்ளையை மட்டும் விடியற்காலையில் எழுப்பி விளிம்பு வேலி வரை அழைத்துப் போங்கள். இந்த விரிகுடா முழுவதும் 1992 முதல் தேசியக் கடல் சரணாலயம். மேட்டிலிருந்து பார்த்தாலே ஓங்கில்கள் (டால்பின்கள்) கடந்துபோவதைக் காணும் வாய்ப்பு உண்டு. தொலைநோக்கி கொண்டுபோங்கள்.

கிழக்குக்கரை

எல்லோருக்கும் நன்றி. முடிவு இது: நியூ பிரைட்டன், செப்டம்பர் மூன்றாம் வாரம், வெள்ளியும் சனியும். நடுப்பகுதியில் கழிவறைக்கு அருகில் உள்ள நான்கைந்து எண்களைக் குறித்து வைத்திருக்கிறேன். மார்ச் 18 காலை நானும் மனைவியும் ஆளுக்கொரு கணினியில் உட்காரப்போகிறோம்.

கடைசியாக ஒன்று. அங்கே மண் எப்படி? மணலில் முளை நிற்காது என்கிறார்களே.

பைன்நிழல்

மேட்டில் மண் கெட்டிதான், ஊசியிலைச் சருகு மேலே படிந்திருக்கும். சாதாரண முளையே போதும், அடிக்க ஒரு சுத்தியல் எடுத்துக்கொள்ளுங்கள். சருகை ஒதுக்கிவிட்டுத் தார்ப்பாய் விரியுங்கள். அது கூடாரத்தின் அடிப்பரப்பைவிடச் சற்றுச் சிறியதாக மடிந்திருக்க வேண்டும், வெளியே நீட்டினால் பனிநீர் அதன்மேல் வழிந்து அடியில் சேரும். பகலில் கீழே மணலில் நிழலுக்குத் துணி கட்டுவதாக இருந்தால் முளை வேண்டாம். பைகளில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிடுங்கள். போகும்போது தோண்டி எடுத்துக் குழியை மூடிவிடுங்கள்.